மடிப்பில் மை வைக்காதே

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் லேசாக வளைத்துப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையோ, மருந்துக் கடை உறையோ, பிள்ளைகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் மதிப்பெண் அட்டையோ, எதுவானாலும் முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில். ஒரு பக்கம் சொன்ன பேச்சு கேட்டு வளையும். இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். கண் பத்திரிகையில் மணமக்கள் பெயரைப் படித்துக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்கு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேடிக்கொண்டிருக்கும்.

இது அப்பாவின் பழக்கம். மன்னார்குடியில் பந்தலடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த அச்சகத்தில் 28 வருஷம் அச்சுக்கோத்தவர் அவர். புதுத் தாள் கட்டு வந்து இறங்கினால் ஒன்றை உருவி வளைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து நாக்கில் தொட்டு ஈரப்படுத்துவார். ஈரம் பட்ட துண்டு மெல்லச் சுருளும். சுருள் எந்தப் பக்கம் குழல்போல நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் நார். "வாழையிலையை நரம்போட கிழிச்சா நூல் பிடிச்ச மாதிரி போகும், குறுக்கே கிழிச்சா பிய்ச்சுக்கிட்டு வரும். தாளும் அப்படித்தான் பாப்பா" என்பார். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அச்சகத் திண்ணையில் உட்கார்ந்து டிரெடில் மிதிபடும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வெட்டிப் போட்ட தாள் ஓரங்களெல்லாம் எனக்குத்தான்.

அந்த நார் விஷயம் எனக்குச் சோறு போடும் என்று அப்போது தெரியாது.

2001இல் நான் வேலை பார்த்த கடை, அந்தக் காலத்து மஞ்சள் பலகைக் கடைகளில் ஒன்று. எஸ்டிடி, ஜெராக்ஸ், டிடிபி என்று மூன்று தொழில் ஒரே அறைக்குள். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள். மனு, விடுதலைப் பத்திரம், காதுகுத்துப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் பயோடேட்டா எல்லாம் வேர்டில்தான் அடிப்பேன். பெரிய நகரத்துக் கடைகளில் பேஜ்மேக்கர், கோரல்டிரா வைத்திருந்தார்கள். எங்களிடம் இருந்தது வேர்ட் 2000 மட்டும். அதில் செய்ய முடிந்ததைச் செய்தோம்.

ஒரு தை மாதத்துக் காலையில் ஐயா வந்தார். ஊருக்கே அவர் ஐயாதான். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளை நூலகத்தில் கூடுகிற வாசகர் வட்டத்தை அவர்தான் கட்டிக் காத்துவந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த பழைய அட்டை ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். வைத்ததும் அது இரண்டாகப் பிரிந்தது. மடிப்பில் முறிந்து, பின்னால் ஒட்டியிருந்த செல்லோ டேப்பும் பழுத்து உதிர்ந்துபோயிருந்தது. அவர் இளவயதில் ஏதோ ஒரு கிராமத்து வாசகசாலையில் உறுப்பினராக இருந்தபோது கொடுத்த அட்டையாம்.

"இதே மாதிரி வேணும்மா. மடிக்கிறதா இருக்கணும். சட்டைப் பையில வைக்கணும். திறந்தா ஒரு பக்கம் பேரு, ஒரு பக்கம் சந்தாக் கட்டம். நம்ம வட்டத்துல 61 பேரு. எல்லாருக்கும் ஒண்ணு."

ஒற்றை அட்டையாகப் போட்டு லேமினேஷன் செய்துவிடலாமே என்றேன். அது அரை நாள் வேலை. ஐயா தலையாட்டி மறுத்தார். "லேமினேட் பண்ணினா சந்தாவுக்குக் கையெழுத்து எங்கேம்மா போடுறது? உறுப்பினர்னா மாசாமாசம் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போகணும். வந்தாத்தானே புஸ்தகம் எடுப்பாங்க?"

மாதச் சந்தா இரண்டு ரூபாய். இரண்டு வருஷத்துக்கு 24 கட்டம். அந்த 24 கட்டத்துக்காகத்தான் அட்டை மடிய வேண்டியிருந்தது. பையில் இருக்கும்போது சின்னதாகவும் திறந்தால் பெரிதாகவும் இருக்கவேண்டிய பொருளுக்கு மடிப்பைத் தவிர வேறு வழியில்லை.

ராத்திரி அந்த முறிந்த அட்டையை அப்பாவிடம் காட்டினேன். அப்போது அவர் அச்சகம் மூடி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஈய எழுத்துகளை எடைக்குப் போட்ட நாளிலிருந்து அச்சு விஷயமாக அவர் வாய் திறந்ததில்லை. என் கணினி வேலையைப் பற்றியும் ஒன்றும் கேட்கமாட்டார். அட்டையை வாங்கியவர் முறிந்த விளிம்பை நகத்தால் தடவினார். "குறுக்கு நாருல மடிச்சிருக்கான். இத்தனை வருஷம் தாங்கினதே பெரிசு" என்றார். பிறகு வெகுநேரம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். 12 பாயிண்ட், பெயருக்கு மட்டும் தடித்த எழுத்து, சுற்றிலும் பூ பார்டர். "பார்டர் மூலையில பாரு, இடுக்கு இல்லாம வெட்டிச் சேத்திருக்கான். நல்ல கை" என்றார். முறிந்த அட்டையில் யாரோ முகம் தெரியாத ஒரு அச்சுக்கோப்பவரின் கையை அவர் அடையாளம் கண்டுகொண்டது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மறுநாள் அளவெடுக்க உட்கார்ந்தேன். ஏ4 தாள் 297க்கு 210 மில்லிமீட்டர். படுக்கவைத்தால் அகலம் 297. மடித்த அட்டை 7 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று ஐயா கேட்டிருந்தார். விரித்தால் 14க்கு 10. பக்கத்துக்குப் பக்கம் இரண்டு, மேலும் கீழும் இரண்டு என்று ஒரு தாளில் நான்கு அட்டை. கணக்குக்கு அழகாக வந்தது. அச்சில் வரவில்லை. மேலும் கீழும் 5 மில்லிமீட்டர்தான் மிச்சம். பிரிண்டர் தாளின் ஓரத்தில் கொஞ்ச இடத்தைத் தொடாது, உருளை தாளைப் பிடிக்க அது வேண்டும். ஓரக்கோடு பாதி விழுந்து பாதி விழாமல் வந்தது. அதனால் 6.5க்கு 9.5 என்று குறைத்தேன். இப்போது இரண்டு பக்கமும் 18.5 மில்லிமீட்டர், மேலும் கீழும் 10 மில்லிமீட்டர். அந்த எண்களை இப்போதும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

வேர்டில் டேபிள் போட்டேன். இரண்டு வரிசை, நான்கு பத்தி, ஒவ்வொரு கட்டமும் 6.5க்கு 9.5. அளவுப் பெட்டி அங்குலம்தான் காட்டும், ஆனால் எண்ணுக்குப் பின்னால் சிஎம் என்று அடித்தால் வேர்ட் புரிந்துகொள்ளும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். சந்தாக் கட்டத்துக்குப் பெரிய கட்டத்துக்குள்ளேயே இன்னொரு சின்ன டேபிள், நான்கு பத்தி ஆறு வரிசை. கட்டத்துக்குள் கட்டம் போட முடிந்தது வேர்ட் 2000இல்தான், அதற்கு முந்தைய 97இல் முடியாது.

வரிசையின் உயரத்தில்தான் முதல் பாடம் காத்திருந்தது. அட் லீஸ்ட், எக்ஸாக்ட்லி என்று இரண்டு வகை உண்டு. நான் முதலாவதை விட்டுவைத்திருந்தேன். அதாவது குறைந்தது இவ்வளவு, தேவைப்பட்டால் கூடும். ஓர் உறுப்பினரின் முகவரி நான்கு வரி வந்தது, "மேலத்தெரு, மாரியம்மன் கோயில் எதிர்ப்புறம்" என்று. அந்த ஒரு வரிக்காகக் கட்டம் நீண்டு, கீழே இருந்த இரண்டு அட்டையும் அரை சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. எக்ஸாக்ட்லி என்று மாற்றினால் கட்டம் அசையாது, ஆனால் நான்காவது வரி கண்ணில் படாமல் போய்விடும். முகவரியைச் சுருக்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். "கோயில் எதிர்ப்புறம்னு சொன்னாத்தானேம்மா தபால்காரருக்குத் தெரியும்" என்றார். சரி, எழுத்தை அரைப் புள்ளி குறைத்தேன். ஒருவருக்காக 61 பேருக்கும் குறைத்தேன். ஒரே தாளில் ஒருவர் எழுத்து சின்னதாகவும் மற்றவர் எழுத்து பெரிதாகவும் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பெயர்கள் என்றதும் ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். அவர் பெயரில் "ணா"வும் இருந்தது, "லை"யும் இருந்தது. புரூஃப் பார்க்க வந்தவர் தன் பெயரையே அந்நியமாகப் பார்த்தார். அவர் படித்த காலத்தில் ணாவுக்குக் கால் தனியாக வராது, எழுத்தோடு சுழித்துக்கொண்டு போகும். லைக்கு முன்னால் இரட்டைச் சுழி கிடையாது, தலைக்கு மேல் ஒரு துதிக்கை இருக்கும். பெரியார் 1935இல் குடி அரசில் புழங்கத் தொடங்கி, 1978இல் அரசு ஆணையாக வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் அந்த வடிவங்கள் போய்விட்டன. எனக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததே புது எழுத்துதான். பெரியவர் கோபப்படவில்லை. "இது என் பேருதாம்மா. ஆனா நான் கையெழுத்துப் போடுறது இப்படி இல்ல" என்று பேனாவை வாங்கி எழுதிக் காட்டினார். என்னிடம் இருந்த எழுத்துரு ஒன்றிலும் அந்த வடிவம் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினார். எடைக்குப் போடாமல் ஒளித்து வைத்த எழுத்துகள் அதில் கொஞ்சம் இருந்தன. எண்ணெய்த் துணியில் சுற்றிய பழைய லை, ணா, றா. எனக்கு அவை கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தன. அப்பாவுக்கு நேராகத் தெரிந்தன. லை, ணா இரண்டையும் கோத்து, முத்திரை மையில் தொட்டு, அந்தப் பெரியவரின் அட்டையில் நான் விட்டுவைத்த இடைவெளியில் ஒற்றி எடுத்தார். லேசர் எழுத்துக்கு நடுவில் ஈய எழுத்து கொஞ்சம் ஆழமாகப் பதிந்திருந்தது. விரலால் தடவினால் தெரியும். அந்தப் பெரியவர் பிற்பாடு எப்போது பார்த்தாலும் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவார்.

எங்கள் ஊருக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு பழையது. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்துதான் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு நடமாடும் நூலகம் கிளம்பியது. கனகசபைப் பிள்ளை நடத்தியது. நூலகவியலில் ஐந்து விதிகளை வகுத்துத் தந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் புத்தகம் வந்ததும் அதே 1931இல்தான். அவரும் நமக்குப் பக்கத்துச் சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர். ஐயா கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொல்வார். "வண்டி நம்மூர்லேருந்து போச்சு. படிக்கிறவன் வீட்டு வாசலுக்குப் புஸ்தகம் போச்சு. இன்னைக்கு அவன் நூலக வாசலுக்கு வரமாட்டேங்குறான்" என்பார். அந்த வண்டிக்காரர்களுக்கு உறுப்பினர் அட்டை இருந்ததா, யார் எந்தப் புத்தகம் வாங்கினார் என்று எதில் குறித்தார்கள் என்று அட்டை மடித்துக்கொண்டே யோசித்திருக்கிறேன். வரப்போரம் வண்டி நிற்க, கை கழுவிவிட்டு வந்து புத்தகம் வாங்கியவர்களின் பெயரை யாராவது ஒரு நோட்டில் எழுதித்தானே இருப்பார்கள்.

மடிப்புக்கு வருகிறேன். அங்கேதான் நான் அதிகம் கற்றேன்.

முதல் மாதிரி அட்டையில் வெளிப்பக்கம் முழுவதற்கும் ஒரு பட்டை போட்டிருந்தேன். முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை ஒரே கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் வாசகர் வட்டம் என்று. திரையில் பார்க்க அவ்வளவு லட்சணம். மடித்து மூன்று நாள் ஐயாவின் பையில் இருந்த பிறகு பார்த்தால், மடிப்போடு பட்டை உதிர்ந்து வெள்ளைக் கோடு. ஐயாவின் சட்டைப் பையிலும் கரி. அப்பாவிடம் கொண்டுபோனேன்.

"உன் மிஷின் மை எப்படிப்பட்டது?" என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக என் தொழிலைப் பற்றிக் கேட்டார்.

மை இல்லை அப்பா, பொடி, பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொடி, சூட்டில் உருகித் தாள்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன்.

"அப்ப சரி. எங்க மை தாளுக்குள்ள இறங்கும். உன்னுது மேலேயே உக்காந்திருக்கு. மேலே உக்காந்தது மடிச்சா உதிரத்தானே செய்யும்? மடிப்புல மை வைக்காதே பாப்பா. அந்த இடத்தைச் சும்மா விடு."

மடிப்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று மில்லிமீட்டர் வெறுமையாக விட்டேன். பட்டையை முன்னட்டையோடு நிறுத்தினேன். அடுத்த சிக்கல் அட்டையில். நாங்கள் வாங்கியது ஐவரி போர்டு. வெட்டி வாங்கிய ஏ4 அட்டையில் நார் நீளவாக்கில் ஓடியது. என் மடிப்போ குறுக்கே விழுந்தது. ஐயாவின் பழைய அட்டை முறிந்ததும் இதே காரணத்தால்தான். அப்பா தானே கடைக்கு வந்து முழு அட்டைத் தாளை வளைத்துப் பார்த்து, நார் ஏ4இன் குட்டைப் பக்கமாக ஓடும்படி எப்படி வெட்டவேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். அப்படி வெட்டினால் கொஞ்சம் வீணாகும். கடை அண்ணன் முகம் சுளித்தார். "வீணாகிற துண்டுல விசிட்டிங் கார்டு வெட்டிக்கலாம் தம்பி" என்று அப்பா சமாதானம் சொன்னார்.

கனத்த அட்டை பிரிண்டருக்குள் வளைந்து திரும்பும்போது சிக்கியது. பின்கதவைத் திறந்துவிட்டால் வளையாமல் நேராக வெளியே வரும் என்று கண்டுகொண்டோம். மடிப்பதற்கு முன்னால் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை இரும்பு ஸ்கேல் ஓரமாக ஒரு இழுப்பு இழுத்தால் கோடு அமுங்கும். அந்தப் பள்ளத்தில் மடிப்பு தானாக வந்து உட்காரும். 61 அட்டைக்கும் அப்பாதான் இழுத்தார். ஒரே அழுத்தம், ஒரே வேகம்.

அச்சடித்துக் கொண்டுவந்த இரவைச் சொல்லவேண்டும். வெளிப்பக்கம் முன்னட்டையில் உறுப்பினர் எண். உட்பக்கம் இடது புறத்தில் பெயர், முகவரி, ஸ்டாம்ப் சைஸ் புகைப்படம் ஒட்டும் இடம். எல்லாம் மெயில் மெர்ஜில் செய்தேன். எக்ஸெலில் பட்டியல், வேர்டில் டேபிள், இரண்டாவது அட்டையிலிருந்து நெக்ஸ்ட் ரெக்கார்ட் என்று குறிப்பு வைத்தால் அடுத்தடுத்த ஆளின் விவரம் தானாக வந்து நிரம்பும். பட்டியலை அகரவரிசைப்படுத்த முயன்று அதை மட்டும் கைவிட்டிருந்தேன். அந்தக் கால எழுத்துருக்களில் கொம்பு முன்னால் அடிக்கப்படும், மெய்யெழுத்து பின்னால் வரும். கணினிக்குச் "செ" என்பது கொம்பில் தொடங்கும் பெயர். ஆகவே செ, தெ, பெ, மெ எல்லாம் ஓரிடத்தில் குவிந்துவிடும். சகரப் பெயர்கள் பக்கத்தில் செகரம் நிற்காது. கையால் வரிசைப்படுத்தி எண் போட்டேன்.

பதினாறு தாள். முதலில் வெளிப்பக்கம் முழுதும், பிறகு தாளைப் புத்தகப் பக்கம்போலத் திருப்பி வைத்து உட்பக்கம் முழுதும். வெட்டிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா மடித்து மடித்துக் கொடுக்க, நான் பதிவேட்டைப் பார்த்து எண் வாசிக்கத் தொடங்கினேன்.

"ஒண்ணு."

அப்பா அட்டையைத் திறந்து பெயர் வாசித்தார். அது இரண்டாம் எண்காரர் பெயர்.

"ரெண்டு" என்றேன். முதலாம் எண்காரர் பெயர். மூன்றில் நான்கு, நான்கில் மூன்று. 60 பேரும் அப்படியே பக்கத்து ஆளோடு இடம் மாறியிருந்தார்கள். கடைசித் தாளில் 61 என்று எண் விழுந்த அட்டையின் உள்ளே ஒன்றுமே இல்லை. அவர் பெயர் எண்ணில்லாத வெற்று அட்டைக்குள் உட்கார்ந்திருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் கூட்டம். பதினாறு தாள் வீண், அதுவும் நார் பார்த்து வெட்டிய அட்டை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெட்டாத தாள் இருக்கிறதா என்று கேட்டார். கழித்துப் போட்ட ஒன்று பையில் இருந்தது. அதை மின்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஐவரி அட்டை ஊடாக இரண்டு பக்க எழுத்தும் மங்கலாகத் தெரிந்தது.

"தாளைத் திருப்பினா இடது வலதாயிரும். முன்னாடி நீ இடது பக்கம் வச்ச ஆளு, பின்னாடி வலது பக்கம் இருக்கணும். புஸ்தகப் பாரம் போடுறப்போ ஒண்ணாம் பக்கத்துக்குப் பின்னாடி ரெண்டு வரணுமே, எட்டுப் பக்கத்தை எப்படி அடுக்குவோம்னு நினைச்சே?"

28 வருஷம் எழுத்தை இடவலம் மாற்றியே படித்தவருக்கு அது கேள்வியே இல்லை. திரையில் நேராகவே பார்த்துப் பழகிய எனக்குத்தான் தாளுக்கு மறுபக்கம் உண்டு என்பது நினைவில் நிற்கவில்லை. மெயில் மெர்ஜ் முன்னோக்கித்தான் போகும், பின்னால் போய் எடுத்துவராது. அதனால் உட்பக்கத்துக்கு மட்டும் எக்ஸெலில் இன்னொரு பட்டியல் செய்தேன். 2, 1, 4, 3, 6, 5, 8, 7 என்று. அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அப்போதே இன்னொன்றும் சொன்னார், இரண்டு பக்கமும் ஓரம் சமமாக இருக்கிறதா பார் என்று. தாள் ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், திருப்பி அடிக்கும்போது எதிர்ப்பக்கம் 2 தள்ளி, மொத்தம் 4 ஆகிவிடும். வேர்டில் தாள் அளவு ஏ4 என்று இல்லாமல் அமெரிக்க லெட்டர் அளவில் இருந்ததால் அப்படித்தான் தள்ளியிருந்தது. அதையும் மாற்றினேன்.

பட்டியல் முடிவில் ஒரு சிக்கல் வந்தது. கடைசித் தாளில் 61 மட்டும்தான். ஆனால் வரிசைப்படி 61க்கு முன்னால் 62 வந்தாக வேண்டும். 62ஆவது ஆள் இல்லாவிட்டால் 61 தன் இடத்தில் உட்காரமாட்டார். வெற்று வரி விட்டாலும் போதும்தான். விடியற்காலை கடையைத் திறந்து கணினி முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு வெற்று வரி விட மனம் வரவில்லை. 62இல் அப்பா பெயரை அடித்தேன். 63இல் என் பெயரை. 64இல் எண் மட்டும் போட்டுப் பெயரிடத்தைக் காலியாக விட்டேன்.

கூட்டத்தில் ஐயா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். புகைப்படத்தில் பாதியும் அட்டையில் பாதியுமாக விழும்படி வட்ட முத்திரை குத்தினார், படத்தைப் பிய்த்து வேறு படம் ஒட்ட முடியாதபடி. வாங்கியவர்கள் முதலில் திறந்து தங்கள் பெயரைத்தான் பார்த்தார்கள். பல பேருக்குக் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு தங்கள் பெயர் அச்சில் வருவது அதுதான். 62 என்று கூப்பிட்டதும் அப்பா எழுந்திருக்கவில்லை. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கவே இல்லை. பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டுச் சொன்னார். மேடைக்குப் போய் வாங்கி, திறந்து பெயரைப் பார்க்காமல் முதலில் அட்டையை லேசாக வளைத்துப் பார்த்தார். பிறகுதான் திறந்தார். முதல் மாதச் சந்தா இரண்டு ரூபாயை அங்கேயே எடுத்துக் கொடுத்து, முதல் கட்டத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மாதம் தவறியதில்லை.

அந்தக் கோப்பு ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. சில வருஷம் கழித்து வேறொரு கணினியில் போட்டுத் திறந்தபோது அந்த எழுத்துரு அதில் இல்லை. 61 பேரும் ரோமன் எழுத்தும் குறியுமாகக் கலைந்து கிடந்தார்கள். அட்டையில் இருந்த பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகு எங்கள் பக்கத்துக் கடைகளும் மெல்ல மாறின. இப்போது கொம்பு எங்கே அடித்தாலும் உள்ளே மெய்யெழுத்துதான் முதலில் நிற்கிறது, செகரம் சகரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. லையின் துதிக்கையும் எழுத்துருவின் வடிவம் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. பழைய வடிவம் வரைந்த எழுத்துருவை மாட்டினால் அதே லை துதிக்கையோடு வரும். அந்தப் பெரியவருக்கு அதைக் காட்ட முடியாமல் போனது.

போன மாதம் நூலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கல்லூரியில் படிக்கிறவள், இப்போது வட்டத்தின் வேலைகளை அவள்தான் பார்க்கிறாள். புது உறுப்பினர் அட்டை அடிக்கிறார்களாம். "அக்கா, கணினியில எல்லாம் சரியா இருக்கு. பிரிண்ட் எடுத்தா நம்பர் ஒருத்தருக்கும் பேரு இன்னொருத்தருக்கும் போகுது. வெட்டுறதுக்கு முந்தியே பாத்துட்டேன். உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

வெட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள் என்பதில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அலமாரியிலிருந்து அந்த 64ஆம் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு இப்போது பார்வை மிகவும் மங்கிவிட்டது. ஹரித்ராநதிக் கரையைத் தாண்டும்போது காற்றை வைத்து, தெப்பக்குளம் வந்துவிட்டது என்றார்.

அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் எல்லாம் என் காலத்தைவிடச் சுலபம். தாளைத் திருப்பி வைக்கவே வேண்டாம், பிரிண்டரே இரண்டு பக்கமும் அடிக்கிறது. குட்டை ஓரமாகத் திருப்பு என்று சொன்னால் போதும், உட்பக்கம் தலைகீழாக விழாது. ஆனாலும் தாள் தாள்தான், திருப்பினால் இடது வலதாகத்தான் செய்யும். அவள் அடித்த தாளை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளே, "ரெண்டு ஒண்ணு, நாலு மூணுன்னு வரணும்" என்றாள்.

மடிப்பு அளவு பார்க்க 64ஆம் அட்டையை மேசையில் வைத்தேன். ஐயா ஒரு காலத்தில் அந்த முறிந்த அட்டையை என் மேசையில் வைத்ததுபோல. ஐயா இப்போது இல்லை. அட்டை கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. அந்தப் பெண் அதைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். மடிப்பில் ஒரு கீறல் இல்லை.

அவள் வாங்கி வைத்திருந்த புது அட்டையில் ஒன்றை அப்பா கேட்டு வாங்கினார். நீளவாக்கில் வளைத்தார். குறுக்கே வளைத்தார். விரல் நுனியால் மெதுவாகத் தடவினார்.

"இது குறுக்கு நார் பாப்பா" என்றார், என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம். "முழுத் தாளா வாங்கு. நான் வந்து கோடு போட்டுத் தர்றேன்."